நடுவில் போன வருடங்கள்

கனடாவில், யூனியன்வில் அடங்கிய மார்க்கம் நகரத்தில் முதல் குடியேற்றத்தை நடத்தி வந்தவர் தான் பிறந்த பெயரோடு இங்கே வந்து சேரவில்லை. 1744இல் ஜெர்மனியின் வாலர்ஸ்டைனில் அவருக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் யோகான் அல்பிரெக்ட் உல்ரிக் மோல். ஓவியராக ஐரோப்பாவில் அலைந்த வருடங்களில் மோல் கழன்று பெர்சி ஒட்டிக்கொண்டது. 1794இல் நியூயோர்க் மாநிலத்திலிருந்து ஜெர்மன் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு இந்தக் காட்டை வெட்டித் திருத்த வந்தபோது அவர் வில்லியம் பெர்சி. காணி உரிமைக்காக அரசாங்கத்தோடு நெடுங்காலம் இழுபட்டு, 1813இல் நியூயோர்க்கில் இறந்தார். இன்றைக்கு யூனியன்வில்லில் ஒரு பள்ளிக்கூடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இருநூறு வருடத்துக்கு அப்பால் நின்று பார்த்தால் பெயர் மாறியது ஒரு வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு. போன வாரம் விமான நிலையத்தில் இறங்கிய ஒருவரின் கோப்பில் அதே விஷயம் இருந்தால் அது முரண்பாடு, சந்தேகத்துக்குக் காரணம். ஒருவர் யார் என்பதை ஒரு நாளை வைத்துச் சொல்லிவிடலாமா, ஐம்பது வருடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா, அந்த நாள் எப்படி ஐம்பது வருடத்துக்குள் போய்ச் சேர்கிறது? உளவியலாளர்கள் இந்தக் கேள்விகளை இப்போது அளந்து பார்க்கிறார்கள். எங்கள் தமிழ்ச் சமூகத்துக்கு இது ஏட்டுப் படிப்பாக எனக்குத் தோன்றவில்லை. இந்த நாட்டில் எங்களை வைத்து இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்த 155 இலங்கைத் தமிழர்களை கஸ் டால்டன் என்ற மீனவக் கப்டன் கண்டுபிடித்துக் கரை சேர்க்க வழிசெய்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது இந்தியாவிலிருந்து என்றார்கள். சில நாட்களுக்குள் அவர்களை ஏற்றிய கப்பல் மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது என்று வெளியாயிற்று. பத்திரிகைகளில் கோபம் கொதித்தது. வந்ததும் வராததுமாகப் பொய் சொன்னவர்கள் எப்படிப்பட்ட குடிமக்களாக இருப்பார்கள் என்று கேட்டார்கள். பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. 2016இல், முப்பது வருடம் நிறைந்தபோது, அவர்களில் சிலர் அதே கரைக்குப் போய் டால்டனைச் சந்தித்து நன்றி சொன்னார்கள்.

கரையேறிய நாளில் சொன்ன அந்த ஒரு வாக்கியமா அவர்கள், அதற்குப் பிறகு வாழ்ந்த முப்பது வருடமா? முப்பது வருடம்தான் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியமும் அவர்களுடையதுதான். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்ததைப் பார்த்தவன், ஜெர்மனியின் அகதி முகாமில் காத்திருந்தவன், கடலில் நீர் விடாய்த்துக் கிடந்தவன், அதிகாரியின் முன்னால் பயத்தில் பொய் சொன்னவன், பிறகு ஸ்காபரோவில் இரவு வேலைக்குப் போய் மார்க்கத்தில் வீடு வாங்கியவன் எல்லாம் ஒரே ஆள் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் உள்ள எதையும் கழித்துவிட முடியாது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த நடுப்பகுதிக்காகத்தான்.

1989 ஜனவரியில், அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை இயங்கத் தொடங்கியது. அந்தக் கோரிக்கையை எங்கள் ஆட்கள் 'கேஸ்' என்பார்கள்: கேஸ் எழுதினது, கேஸ் நடந்தது, கேஸ் பாஸ் ஆனது. எங்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் தன் வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை எழுத்தில் வைக்க நேர்ந்த முதல் சந்தர்ப்பம் அந்தக் கோரிக்கைப் படிவம். சட்டத்தரணியின் கந்தோரில் ஒருவர் தமிழில் சொல்ல, இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். இறங்கிய அன்று அதிகாரியிடம் சொன்னது, படிவத்தில் எழுதியது, பல மாதம் கழித்து விசாரணையில் சொல்வது என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். "திகதி மாறக் கூடாது, தம்பி. மாறினால் நம்ப மாட்டாங்கள்" என்று முதல் வந்தவர்கள் பிந்தி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விசாரணைக்கு முதல் நாள் இரவு, தங்கள் சொந்த வாழ்க்கையைப் பாடமாக்கிக்கொண்டிருந்த ஆண்களையும் பெண்களையும் நான் அறிவேன். தம்பி செத்த திகதியைப் பாடமாக்குவது எப்படிப்பட்ட வேலை என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஜேன் ஹெர்லிஹியும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பிரித்தானியாவில் தங்க ஏற்கெனவே அனுமதி பெற்றிருந்த கொசோவோ, பொஸ்னியா அகதிகளை இரண்டு தடவை சந்தித்து, நடந்ததைச் சொல்லக் கேட்டார்கள். அனுமதி கையில் இருந்தபடியால் பொய் சொல்வதில் அவர்களுக்கு எந்த இலாபமும் இல்லை. அப்படியிருந்தும் முதல் தடவை சொன்னதற்கும் இரண்டாம் தடவை சொன்னதற்கும் இடையில் வேறுபாடுகள் பரவலாக இருந்தன. அதிர்ச்சியின் பாதிப்பு அதிகமாக இருந்தவர்களிடம், இரண்டு சந்திப்புக்கும் இடையில் காலம் நீள நீள வேறுபாடும் கூடியது. மிக மோசமாக அடிபட்டவர்தான் மிகச் சுலபமாகப் 'பொய்யர்' ஆகக்கூடியவர் என்று அதற்கு அர்த்தம். எங்கள் கேஸ்கள் நடந்த வருடங்களில் இந்த ஆய்வு இருந்திருந்தால் எத்தனை முகங்கள் குனியாமல் இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

ஒருவரை ஒரே கணத்தில் நிறுத்தி, நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல் என்று கேட்பதுதான் அவரை அறிகிற வழி என்று அந்தச் சபை நம்பியது. வேதனை என்னவென்றால், அதே முறையை நாங்கள் எங்கள் பிள்ளைகளிடம் இப்போது பிரயோகிக்கிறோம்.

கல்யாண வீட்டிலோ பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்திலோ இங்கே பிறந்த ஒரு பிள்ளையிடம் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். பிள்ளை "மார்க்கம்" என்கிறது. "அது இருக்கிற இடம். ஊர் எது?" என்று திருப்பிக் கேட்கிறோம். பிள்ளை தாயைப் பார்க்கிறது. தாய் புங்குடுதீவு என்றோ கரவெட்டி என்றோ எடுத்துக்கொடுக்கிறாள். அன்றிரவு வீடு திரும்பும்போது காரில் பெற்றோர் பேசுவார்கள்: எல்லாம் போய்விட்டது, பிள்ளைக்குத் தமிழ் அடையாளம் இல்லை. ஒரு மாலை, ஒரு கேள்வி, ஒரு பதில்; அதோடு தீர்ப்பு. அதே தகப்பன் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஒரு நாளோடு நிற்க மாட்டார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து தொடங்கி, இயக்கங்களின் காலம், கொழும்பு லொட்ஜ், இங்கே முதல் பனி என்று அறுபது வருடத்தையும் விரித்து வைத்துவிட்டுத்தான் நான் இப்படிப்பட்டவன் என்பார். பிள்ளையை நாளால் அளக்கிறோம், எங்களை ஆயுளால் அளக்கிறோம்.

பதின்ம வயதில் 'நான் யார்' என்ற கேள்வி நெருக்கடியாக வரும் என்று எரிக் எரிக்சன் 1950இலும் பிறகு 1968இலும் வந்த நூல்களில் எழுதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதை வருடத்துக்கொரு தடவை பிள்ளைகளிடம் கேட்டு அளந்தார்கள். வருடத்துக்கொரு தடவை பார்த்தால் பெரும்பாலும் மெதுவான நகர்வுதான் தெரிகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதைவிட நெருங்கிப் பார்க்க ஒரு வழி செய்தார்கள். ஏறக்குறைய 500 பிள்ளைகளை பதின்மூன்று வயதிலிருந்து ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு வருடமும் மூன்று வாரங்கள், அந்த வாரங்களில் ஐந்து நாட்கள், அன்றன்றைக்கு அவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் 75 நாட்கள் சேர்ந்தன. 2016இல் அன்ட்ரிக் பெக்ட் முதலானோர் வெளியிட்ட முடிவுகள் அந்தக் குவியலிலிருந்து வந்தவை.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்கள் கேட்ட கேள்விகள். நீ டச்சுக்காரனா என்று கேட்கவில்லை. உன் உற்ற நண்பன் இன்று உனக்குத் தெம்பு தந்தானா, உன் படிப்பு இன்று உனக்கு நிச்சயத்தைத் தந்ததா, வேறு நண்பனையோ வேறு படிப்பையோ தேடலாம் என்று இன்று தோன்றியதா என்ற மாதிரியான கேள்விகள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் 'நான்' அங்கேதான் இருக்கிறது, கொடியிலோ மேடையிலோ இல்லை என்பதை அவர்கள் விளங்கிவைத்திருந்தார்கள். கண்டது இது: ஒரு சாராரிடம் நிச்சயம் உறுதியாக இருந்தது, நாளுக்கு நாள் அதிகம் ஆடவில்லை. இன்னொரு சாராரிடம் நிச்சயம் குறைவாக இருந்தது, நாளுக்கு நாள் ஆட்டமும் பெரிதாக இருந்தது, வேறொன்றுக்குத் தாவும் எண்ணம் அடிக்கடி வந்தது. அவர்கள் மனநலத்திலும் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஒரு நாளில் சந்தித்திருந்தால் வித்தியாசம் தெரியாமலே போயிருக்கலாம். உறுதியான பிள்ளைக்கும் ஆடுகிற நாள் உண்டு. ஆடுகிற பிள்ளைக்கும் நல்ல செவ்வாய்க்கிழமை உண்டு.

எறும்பூரக் கல்லும் தேயும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கல்யாண வீட்டில் ஒரு எறும்பைப் பார்த்துவிட்டுக் கல் தேய்ந்தது என்று அழுவது பிழையான கணக்கு.

எங்களுக்கு இன்னும் கிட்டிய ஒரு ஆய்வும் இருக்கிறது. மார்க்கத்தில் சீனர்கள்தான் மிகப் பெரிய சமூகம். எங்கள் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருப்பவர்கள். அமெரிக்காவில் சீன வம்சாவளிப் பதின்ம வயதினரை இரண்டு வாரம் நாள்தோறும் நாட்குறிப்பு எழுத வைத்து டிஃபனி யிப், அன்ட்ரூ ஃபுலிக்னி இருவரும் 2002இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சீன உணவு சாப்பிட்ட, சீனம் பேசிய நாட்களில் தாம் சீனர் என்ற உணர்வு அவர்களிடம் தூக்கலாக இருந்தது. மற்ற நாட்களில் தாழ்ந்தது. அந்த உணர்வு தூக்கலாக இருந்த நாள் மனதுக்கு நல்ல நாளாகவும் அமைந்தது, ஆனால் அது எல்லோருக்கும் ஒரேமாதிரி நடக்கவில்லை. நெடுங்கால அளவில் தங்கள் இனத்தோடு பற்றுள்ளவர்களுக்குத்தான் நடந்தது. புட்டும் சம்பலும் சாப்பிட்ட நாள் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்பது அந்த நாளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அதற்குக் கீழே வருடக்கணக்கில் படிந்த ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்தப் படிவை எது உண்டாக்குகிறது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், அரங்கேற்றம் என்று சட்டென்று பதில் சொல்கிறோம். அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பனியில் பிள்ளையைக் கொண்டுபோய் வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் காத்திருந்த தாய்மார் இந்தச் சமூகத்தைத் தாங்கியவர்கள். ஆனாலும் பதிலின் பெரும்பகுதி வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்த வேலை.

வன்கூவரில் மைக்கல் சாண்ட்லர், கிறிஸ்தோபர் லலோண்ட் இருவரும் பதின்ம வயதினரிடம் ஒரு கேள்வியைப் பல வருடங்களாகக் கேட்டு வந்தார்கள்: ஐந்து வருடத்துக்கு முன் நீ எப்படி இருந்தாய், இப்போது எப்படி இருக்கிறாய், இவ்வளவு மாறிய பிறகும் நீ அதே ஆள்தான் என்று எப்படிச் சொல்கிறாய்? சில வேளை விக்டர் ஹியூகோவின் ழான் வல்ழான் கதையைப் படக்கதையாகக் காட்டி அவனைப் பற்றிக் கேட்டார்கள்: சிறையிலிருந்து வந்து, பெயரை மாற்றி, நகர முதல்வராகி மதிப்போடு வாழ்ந்தவன் அதே ஆள்தானா? ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளில் பலர் உள்ளே மாறாத ஏதோ ஒன்று இருக்கிறது, அதனால் அதே ஆள் என்றார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளில் பலர் கதையாகச் சொன்னார்கள்: இது நடந்தது, அதனால் அது நடந்தது, அப்படியே இங்கே வந்து சேர்ந்தேன், ஆகவே அதே ஆள். இரண்டில் எந்த வழியில் சொன்னாலும் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரால் எந்த வழியிலும் அந்தக் கேள்விக்குப் பதில் கட்ட முடியவில்லை.

1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இதை ஊர்களுக்கு விரித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களில் 1987 முதல் 1992 வரையான தரவைப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் ஒரு இளைஞனும் தற்கொலை செய்திருக்கவில்லை. சில சமூகங்களில் எண்ணிக்கை மனம் பதற வைக்கும் அளவுக்கு இருந்தது. காணி உரிமைக் கோரிக்கை, சுயாட்சி, பள்ளிக்கூடம், சுகாதார சேவை, பொலிஸும் தீயணைப்பும், பண்பாட்டு மண்டபம் என்ற ஆறும் தங்கள் கையில் இருந்த சமூகங்களில் அந்த வருடங்களில் ஒரு சாவும் இல்லை. தன் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் ஒரு சமூகம் தானே கையில் வைத்திருந்தால், அதற்குள் வளர்கிற பிள்ளை தன் நேற்றையும் நாளையையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுகிறது என்று நான் இதை வாசிக்கிறேன்.

எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கிற கதை எது? கதைக்கு இரண்டு முனை இருக்கிறது. ஒரு முனையில் ஊர்: கிணறு, பனங்காணி, கோயில் திருவிழா, பள்ளிக்கூடத்தில் வாங்கிய முதல் பரிசு. மறுமுனையில் கனடா: இரண்டு வேலை, முதல் வீடு, பட்டமளிப்புப் படம். நடுவில் ஒன்றும் இல்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டியது, கொழும்பு லொட்ஜில் ஒளிந்திருந்தது, பாங்கொக்கிலோ மொஸ்கோவிலோ பூட்டிய அறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தது, வேறொருவரின் கடவுச்சீட்டில் வேறொருவரின் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியது, ஜெர்மனி முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றது, எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். "அப்பப்பா, நீங்கள் ஜெர்மனியில எவ்வளவு நாள் நிண்டனீங்கள்?" என்று அக்காவின் பேத்தி கேட்டபோது அத்தான் சொன்னது: "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு, பிள்ளை." அவருக்கு அது வெட்கமாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. விசாரணையில் ஒருமுறை மாறாமல் சொல்லி முடித்ததை மறுபடி தொட்டால் எங்கேயாவது மாறிவிடும் என்ற பழைய பயம் அவர் குரலில் இருந்தது. பிரஜாவுரிமை எடுத்து முப்பது வருடம் கழிந்தும் அந்தப் பயம் போகவில்லை.

நடுப்பகுதி இல்லாத கதையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சாண்ட்லரின் கேள்விக்கு எப்படிப் பதில் கட்டும்? ஊரில் இருந்த அப்பப்பாவும் யூனியன்வில்லில் பனி தள்ளுகிற அப்பப்பாவும் எப்படி ஒரே ஆள் என்பதை அதற்கு யாரும் காட்டவில்லை. மாறலாம், மாறிய பிறகும் அதே ஆளாக இருக்கலாம் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே உயிரோடு ஒரு சாட்சி இருந்தும் அந்தச் சாட்சி வாய் திறப்பதில்லை. அதனால்தான் தன் வாழ்க்கையில் முதல் பெரிய மாற்றம் வரும்போது, படிப்பைக் கைவிடும்போது, காதல் முறியும்போது, வீட்டுக்குச் சொல்ல முடியாத ஒன்றைத் தனக்குள் கண்டுகொள்ளும்போது, எங்கள் பிள்ளைகளில் சிலர் தாங்கள் யாருமில்லாமல் போய்விட்டதாக நினைக்கிறார்கள். மாறாதே என்று மட்டும்தான் நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

வயது போனவர்கள் மாறி முடித்தவர்கள் என்று நினைப்பதும் பிழை. ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமத்தி வில்சன் மூவரும் 19,000க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வயதினரும் கடந்த பத்து வருடத்தில் நிறைய மாறியதாகவும் வரப்போகிற பத்து வருடத்தில் அதிகம் மாறப்போவதில்லை என்றும் சொன்னார்கள். மெயின் வீதியில் வார்லி ஓவியக் கூடத்தைக் கடந்து போகும்போது இது ஞாபகம் வரும். கனடிய ஓவியர்களின் எழுவர் குழுவில் மனித முகங்களை வரைவதில் தேர்ந்தவரான ஃபிரெடரிக் வார்லி தன் கடைசி வருடங்களை இந்த யூனியன்வில்லில்தான் கழித்தார். 1919இல் தன் முகத்தை வரைந்தவர் 1937இல் மீண்டும் வரைந்தார், இம்முறை கண்ணாடிக்குள், மலைகளுக்கு நடுவில். முதல் படம் பிழையாகிவிட்டது என்பதற்காக அவர் இரண்டாவதை வரையவில்லை.

ஜனவரி மாதம் தமிழ் மரபுரிமை மாதம்; ஒன்ராறியோவில் 2014இல் சட்டமானது, 2016இல் நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த மாதத்தில் பிள்ளைகள் வேட்டியும் சேலையும் உடுத்தி மேடையேறி நான் தமிழன், நான் தமிழிச்சி என்று பேசுகிறார்கள். பெப்ரவரியில் அந்தப் பிள்ளை யார் என்று யாரும் கேட்பதில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக எங்கள் சமூகம் 2021க்குள் 30 இலட்சம் டொலர் சேர்த்துக் காட்டியது. அந்த வலிமை உள்ளவர்களால் இதையும் செய்ய முடியும்: ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பிள்ளைகளை, ஜனவரியில் மட்டுமில்லாமல் மார்ச்சிலும் ஜூலையிலும் நவம்பரிலும், நாள்தோறும் சில கேள்விகள் கேட்டு எழுதி வைப்பது. நண்பனைப் பற்றி, படிப்பைப் பற்றி, அன்றைக்கு வாயில் வந்த மொழியைப் பற்றி. பதில்கள் பிள்ளைகளுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். பெற்றோர் கையில் அவை மதிப்பெண் அட்டையாக மாறக் கூடாது.

பக்கத்திலேயே பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். ஊரைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள், கனடாவைப் பற்றியும் சொல்வார்கள், ஆகவே அவை இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் கேள்வி இப்படி இருக்கட்டும்: வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளுக்கும் இங்கே வந்து இறங்கிய நாளுக்கும் நடுவில் எங்கெங்கே இருந்தீர்கள், அங்கே உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பதில் இன்றைக்கு ஒருமாதிரியும் அடுத்த வருடம் இன்னொருமாதிரியும் வரலாம். இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.